மாதாமாதம் வீணாகப் போவதுதானே?

நஞ்சன்கூடு என்ற பெயரைத் தமிழருக்கு விளக்க வேண்டிய அவசியம் இல்லை. நஞ்சை உண்டவன் குடிகொண்ட ஊர். கபிலா நதிக்கரையில் இருக்கும் ஸ்ரீகண்டேசுவரர் கோயிலுக்கு நோய் தீர வேண்டிக்கொண்டு வருபவர்கள் பல நூற்றாண்டுகளாக உண்டு. தன் பட்டத்து யானையின் கண் நோய் இங்கே வேண்டிக்கொண்டபின் குணமானதால் திப்பு சுல்தான் இந்தச் சாமியை 'ஹக்கீம் நஞ்சுண்டா' என்று அழைத்தார், பச்சைக்கல் லிங்கம் ஒன்றைக் காணிக்கையாகத் தந்தார் என்பது ஊரில் வழங்கும் வரலாறு. ஹக்கீம் என்றால் வைத்தியர். 1913ல் இதே ஊரில் தொடங்கிய சத்வைத்தியசாலையின் பல்பொடி கர்நாடகம் முழுக்கப் பிரபலம். மொத்தத்தில் இது வைத்தியத்துக்குப் பேர்போன ஊர்.

வைத்தியத்தைத் தேடி வருபவர்கள் எல்லோரிடமும் ஏதோ ஒரு நோய் இருக்கும். நோய் இருப்பதால்தான் மருந்தின் கசப்பையும் கத்தியின் வலியையும் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கடந்த நாற்பது வருடங்களில் மருத்துவம் ஒரு புதுவகை நோயாளியை உண்டாக்கியிருக்கிறது. அவருக்கு எந்த நோயும் இல்லை. நல்ல ஆரோக்கியம்தான் அவருடைய தகுதியே. தனக்குத் தேவையில்லாத ஊசிகளை இரண்டு வாரம் போட்டுக்கொண்டு, தனக்குத் தேவையில்லாத மயக்க மருந்தை ஏற்றுக்கொண்டு, வேறொருத்தியின் வயிற்றில் குழந்தை வளர்வதற்காக வீடு திரும்புபவர் அவர். அவருக்குப் பெயர் கருமுட்டை தானம் செய்பவர்.

நஞ்சன்கூட்டிலிருந்து மைசூர் சுமார் 23 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்த பஸ்ஸில் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளலாம். வயது இருபத்தைந்து. தாலுகாவின் தொழிற்பேட்டையில் வேலை. ஒரு குழந்தைக்குத் தாய். புருஷனின் வருமானம் நிச்சயமில்லை. மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்குத் தவணை பாக்கி. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். "பயப்படாதே தங்கச்சி. மாசாமாசம் வீணாப் போறதுதானே? அதைக் குடுத்தா ஒரு குடும்பத்துக்கு விளக்கேத்தின புண்ணியம். உனக்கும் நாலு காசு."

இந்தப் பெண் நிஜத்தில் ஒருவரல்ல. மைசூர், ஈரோடு, ஹைதராபாத், டெல்லி என்று எந்த ஊர் பஸ்ஸிலும் இவரை உட்கார வைக்கலாம். ஆனால் அந்த அக்கா சொன்ன வாக்கியம் நிஜம். நாடு முழுக்க இந்தத் தொழிலின் அஸ்திவாரமே அந்த ஒரு வாக்கியம்தான். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் யாரும் சொல்வதில்லை.

உண்மையான பாதி எது?

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் பத்து முதல் இருபது லட்சம் முட்டைகள் இருக்கும். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சமாகக் குறைந்துவிடும். வாழ்நாள் முழுவதும் முதிர்ந்து வெளியே வருபவை 400, 500க்கு மேல் போகாது. ஒவ்வொரு மாதமும் ஒரு கூட்டம் முட்டைகள் வளரத் தொடங்கும். அதில் ஒன்று மட்டும் முந்திக்கொள்ளும், மற்றவை வாடிவிடும். தானத்துக்காகப் போடப்படும் ஹார்மோன் ஊசி அந்த மாதம் வாடவிருந்த முட்டைகளையும் சேர்த்து வளர வைக்கிறது. அடுத்த வருடக் கையிருப்பில் அது கை வைப்பதில்லை. எனவே தானம் செய்தால் முட்டை தீர்ந்துபோகும், மாதவிலக்கு சீக்கிரம் நின்றுவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. அந்த அளவில் பக்கத்து வீட்டு அக்கா சொன்னது சரி.

மீதிப் பாதி, வீணாகப் போவதை எடுக்கும் விதத்தில் இருக்கிறது. ஆண் விந்து தானம் செய்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. ரத்த தானத்தோடு ஒப்பிடுவதும் பொருந்தாது. ரத்தம் கொடுக்க ஊசி ஒன்று, நேரம் அரை மணி. இங்கே பத்து, பன்னிரண்டு நாட்கள் தினமும் ஊசி. ஒன்றுவிட்டு ஒரு நாள் ஸ்கேன். ஹார்மோன் அளவை அறிய ரத்தப் பரிசோதனை. முட்டைக்கூடுகள் பருத்ததும் கடைசியாக ஒரு 'முதிர்ச்சி ஊசி'. அது போட்டு 34 முதல் 36 மணி நேரத்துக்குள் மயக்கம் கொடுத்து, ஸ்கேன் திரையைப் பார்த்தபடி, பிறப்புறுப்பு வழியாக நீண்ட ஊசியைச் செலுத்தி ஒவ்வொரு கூட்டிலிருந்தும் திரவத்தோடு முட்டையை உறிஞ்சி எடுப்பார்கள். அதற்கு ஆகும் நேரம் அரை மணிக்கும் குறைவு. ஆனால் அந்த அரை மணி நேரத்துக்கு உடம்பைத் தயார் செய்யும் இரண்டு வாரத்திலும், அதற்குப் பின்னால் வரும் ஒரு வாரத்திலும்தான் விஷயமே இருக்கிறது.

இந்த வித்தைக்கு வயது அதிகம் இல்லை. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்தது 1978 ஜூலையில். அதே வருடம் அக்டோபரில் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கினார். அரசும் சக மருத்துவர்களும் நம்ப மறுத்தார்கள். 1981ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அங்கீகாரம் அவர் இறந்து பல வருடங்கள் கழித்தே வந்தது. ஒரு பெண்ணின் முட்டையிலிருந்து உருவான கருவை இன்னொரு பெண் சுமந்து பெற்ற முதல் குழந்தைகளில் ஒன்று கலிஃபோர்னியாவில் 1984ல் பிறந்தது. அதுவரை குழந்தை இல்லாமை என்பது கணவன், மனைவி, டாக்டர் என மூன்று பேர் சம்பந்தப்பட்ட விவகாரம். 1984க்குப் பிறகு நான்காவதாக ஒருவர் உள்ளே வந்தார். அவருக்கு என்ன ஆகும் என்று கேட்பதற்கு ஆள் வர வெகுகாலம் பிடித்தது.

முதல் ஆபத்தின் பெயர் சினைப்பை மிகைத் தூண்டல். ஊசிக்குச் சில பெண்களின் உடம்பு அளவுக்கு மீறி வேலை செய்யும். எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிய சினைப்பைகள் பல மடங்கு பெருக்கும். அவற்றிலிருந்து சுரக்கும் பொருட்கள் ரத்தக் குழாய்களின் சுவரைக் கசியச் செய்யும். ரத்தத்தில் இருக்க வேண்டிய நீர் வயிற்றுக்குள் இறங்கித் தேங்கும். லேசாக இருந்தால் வயிற்று உப்புசம், குமட்டல் என்று சில நாட்களில் போய்விடும். லேசான உப்புசம் பலருக்கும் வருவதுதான். கடுமையாகப் போனால் கதையே வேறு. நெஞ்சுக் கூட்டுக்குள்ளும் நீர் சேர்ந்து மூச்சு முட்டும். சிறுநீர் குறையும். ரத்தம் கெட்டியாகிக் குழாய்களில் உறைகட்டி உருவாகும். அந்தக் கட்டி நுரையீரலுக்கோ மூளைக்கோ போனால் உயிருக்கே ஆபத்து.

யாருக்கு இது வர வாய்ப்பு அதிகம்? வயது குறைந்தவர்கள், ஒல்லியானவர்கள், சினைப்பையில் நீர்க்கட்டிகள் உள்ளவர்கள், முட்டைக் கையிருப்பு அதிகம் உள்ளவர்கள், ஏற்கனவே ஒரு முறை இது வந்தவர்கள். தானம் கொடுக்க எப்படிப்பட்ட பெண்ணைத் தேடுகிறார்கள் என்று யோசித்தால் முரண்பாடு புரியும். இளம் வயது, நிறைய முட்டை. அதாவது நல்ல தானக்காரர் என்று எவரைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அவருக்கேதான் இந்த ஆபத்தும் கூடுதல்.

ஆனால் இந்த ஆபத்தைப் பெருமளவு தடுக்க முடியும் என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. எல்லாம் அந்தக் கடைசி முதிர்ச்சி ஊசியில் இருக்கிறது. வழக்கமாகப் போடப்பட்டது ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன். அது உடம்பில் பல நாள் தங்கிச் சினைப்பையைத் தூண்டிக்கொண்டே இருக்கும். அதற்குப் பதிலாக ஜி.என்.ஆர்.ஹெச். அகோனிஸ்ட் என்ற வேறு வகை ஊசி உண்டு. அது உடம்பின் சொந்த ஹார்மோனைச் சிறிது நேரம் மட்டும் பொங்கவைத்து அடங்கிவிடும். தன் முட்டையைத் தன் வயிற்றிலேயே உடனே சுமக்கப் போகிற பெண்ணுக்கு இந்த இரண்டாவது ஊசி போட்டால் கர்ப்பம் தங்குவது பாதிக்கப்படலாம் என்று டாக்டர்கள் தயங்குவார்கள். தானம் செய்யும் பெண்ணுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. அவர் கர்ப்பம் ஆகப் போவதில்லையே.

ஸ்பெயினில் பார்சிலோனாவிலிருந்து 2008ல் வெளியான ஆய்வு ஒன்று 4,052 தானச் சுற்றுகளைப் பரிசீலித்தது. நடுத்தர அல்லது கடுமையான மிகைத் தூண்டல் வந்தது 22 பேருக்கு. அந்த 22 பேருமே ஹெச்.சி.ஜி. போட்டுக்கொண்டவர்கள். முட்டையை உறிஞ்சி எடுத்ததால் வந்த சிக்கல்கள் 17. அதில் 14, வயிற்றுக்குள் ரத்தக் கசிவு. ஒன்று, சினைப்பை முறுக்கிக்கொண்டது. பெருக்கிற சினைப்பை கனம் தாங்காமல் தன் காம்பிலேயே சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுபோகும். அவசர ஆபரேஷன் தேவைப்படும், சில நேரம் சினைப்பையையே இழக்க நேரிடும்.

இந்த எண்களை இரண்டு விதமாகப் படிக்கலாம். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, பயப்படாதே என்று சொல்லலாம். அது நியாயமே. ஆனால் நோயாளிக்கு ஒரு சதவிகித ஆபத்து என்பதும், நோயே இல்லாதவருக்கு அரை சதவிகித ஆபத்து என்பதும் ஒரே தராசில் நிற்காது. நோயாளி அந்த ஆபத்துக்கு ஈடாகக் குணத்தைப் பெறுகிறார். தானம் செய்பவரின் உடம்புக்கு வரவு எதுவும் இல்லை, செலவு மட்டுமே. தவிர, அது நல்ல வசதிகளோடு, ஒழுங்காகக் கணக்கு வைத்துக்கொண்ட இடத்தின் எண். கணக்கே வைக்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதை மூன்று சம்பவங்கள் காட்டின.

2010 ஆகஸ்டில் மும்பையில் 17 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். முட்டை எடுக்கப்பட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அது அவருக்கு முதல் முறையும் அல்ல. விவகாரம் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போனது. 2014 ஜனவரியில் டெல்லியில் 23 வயதான இளம் தாய் ஒருவர் முட்டை எடுக்கப்பட்ட தினத்திலேயே இறந்தார். மிகைத் தூண்டலின் அடையாளங்கள் பிரேதப் பரிசோதனையில் தெரிந்ததாகச் செய்திகள் வந்தன.

மூன்றாவது சம்பவம் தமிழ்நாட்டில். ஈரோட்டிலிருந்து சத்தியமங்கலம், திம்பம் மலைப்பாதை, சாமராஜநகர் வழியாக மைசூர் போகிற சாலையில்தான் நஞ்சன்கூடு இருக்கிறது. அந்தச் சாலையின் மறுமுனையில் 2022 ஜூனில் போலீஸ் ஒரு தாயைக் கைது செய்தது. கூடவே அவருடன் வாழ்ந்த ஆணையும் ஒரு பெண் தரகரையும். பதினாறு வயதுச் சிறுமியைப் பல முறை, பல ஆஸ்பத்திரிகளில் கருமுட்டை கொடுக்க வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஒரு தடவைக்கு ரூ. 20,000 என்று பேச்சு. சிறுமியின் வயதைக் கூட்டிக் காட்டப் போலி ஆதார் அட்டை தயாரிக்கப்பட்டிருந்தது. சுகாதாரத் துறை குழு அமைத்து விசாரித்தது. 2022 ஜூலையில் அமைச்சர் மா. சுப்பிரமணியன் தமிழ்நாட்டில் நான்கு ஆஸ்பத்திரிகள் மீது நடவடிக்கை அறிவித்தார். ஆந்திரம், கேரளம் ஆகிய மாநிலங்களுக்கும் விசாரணையின் நூல் நீண்டது.

இந்த வழக்கில் அதிர்ச்சி தரும் பகுதி தாய் செய்த கொடுமை என்று பலருக்கும் தோன்றும். நியாயம்தான். ஆனால் ஆற அமர யோசித்தால் இன்னொன்று உறுத்தும். ஒவ்வொரு முறையும் ஸ்கேன் அறையில் ஒருவர் அந்தச் சிறுமியைப் பார்த்திருக்கிறார். ஊசி போட்டவர் கையைப் பிடித்திருக்கிறார். மயக்கம் கொடுத்தவர் முகத்தைப் பார்த்திருக்கிறார். படித்தவர்கள், அனுபவம் உள்ளவர்கள். அட்டையில் போட்டிருந்த வயதைப் படித்தவர்கள் எதிரே உட்கார்ந்திருந்த முகத்தின் வயதைப் படிக்கவில்லை. காகிதம் சரியாக இருந்தால் போதும் என்கிற மனநிலைதான் போலிக் காகிதத்துக்குச் சந்தையை உண்டாக்குகிறது.

ஏன் படிக்கவில்லை? காரணம் தனிமனிதரின் கெட்ட குணம் மட்டும் அல்ல. அமைப்பிலேயே ஒரு கோணல் இருக்கிறது. குழந்தை வேண்டி வரும் தம்பதி பணம் கட்டுகிறார்கள். டாக்டர் அவர்களுடைய டாக்டர். தானம் செய்யும் பெண்ணையும் கவனிப்பவர் பெரும்பாலும் அதே டாக்டர், அல்லது அதே கூரையின் கீழ் இருப்பவர். முட்டை அதிகமாகக் கிடைத்தால் தம்பதிக்கு வாய்ப்பு கூடும். அதிக முட்டைக்கு அதிக மருந்து. அதிக மருந்தால் வரும் ஆபத்து பணம் கட்டாத பெண்ணுக்கு. ஒருவரின் லாபமும் இன்னொருவரின் நஷ்டமும் ஒரே ஊசிக்குழாயில் இருக்கும்போது, அதை அழுத்தும் கை யார் பக்கம் சாயும்? நல்ல டாக்டர்கள் இந்த இழுபறியை உணர்ந்து தானம் செய்பவரையும் தன் நோயாளியாக நடத்துகிறார்கள். அப்படி நடத்தாதவர்களைத் தடுக்க வெகுகாலம் எதுவும் இருக்கவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மீறினால் தண்டனை என்று சொல்லும் பலம் அவற்றுக்கு இல்லை. அதன் பிறகு மசோதாக்கள் வருவதும் முடங்குவதுமாக வருடங்கள் போயின. ஒருவழியாக 2021 டிசம்பரில் செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2022 ஜனவரி 25 முதல் அமலுக்கு வந்தது. ஈரோட்டில் கைது நடந்தபோது சட்டத்துக்கு வயது ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

சட்டம் சொல்வது இது. முட்டை கொடுப்பவருக்கு வயது 23க்குக் குறையக் கூடாது, 35ஐத் தாண்டக் கூடாது. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம். ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒருவருடைய முட்டையை ஒரு தம்பதிக்கு மேல் தரக் கூடாது. தானம் செய்பவரைத் தேடிச் சோதித்துப் பதிவு செய்வது பதிவு பெற்ற வங்கியின் வேலை, தரகரின் வேலை அல்ல. முட்டையை விற்பதும் வாங்குவதும் குற்றம். மீறினால் முதல் முறை ரூ. 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை அபராதம். மீண்டும் செய்தால் 3 முதல் 8 வருடம் வரை சிறை. குழந்தை வேண்டும் தம்பதி தானம் செய்பவர் பெயரில் காப்பீடு எடுக்க வேண்டும். அது 12 மாதத்துக்குச் செல்ல வேண்டும், முட்டை எடுத்ததால் வரும் எல்லாச் சிக்கல்களுக்கும் ஆகும் செலவைத் தாங்க வேண்டும் என்கின்றன 2022ன் விதிகள்.

இதில் 'ஏழு முட்டை' விதியைப் பற்றி மருத்துவர்களிடையே முணுமுணுப்பு உண்டு. மருந்து கொடுத்தபின் ஐந்து முட்டை வருமா, பதினைந்து வருமா என்று கடையில் எடை போடுவதுபோல முன்கூட்டிச் சொல்ல முடியாது என்கிறார்கள். ஒரு முறைதான் என்றால் தானம் செய்ய ஆள் கிடைக்காது, கிடைக்காவிட்டால் விலை ஏறும், விலை ஏறினால் கள்ளச் சந்தை வளரும் என்பது இன்னொரு வாதம். அலட்சியம் செய்யக்கூடிய வாதங்கள் அல்ல இவை. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஏழுக்கு மேல் எடுக்க அனுமதி இல்லை என்றால் இருபது வளரும் அளவுக்கு மருந்தை ஏற்றுவதில் யாருக்கும் ஆதாயம் இல்லை. ஒரு முறைதான் என்றால் அது எத்தனையாவது முறை என்று பொய் சொல்ல வைக்கும் தரகருக்குத் தொழில் இல்லை. எண்ணில் திருத்தம் தேவைப்படலாம். நோக்கம் சரியானதே.

சட்டத்தால் எளிதில் தொட முடியாத கேள்வி ஒன்று இருக்கிறது. இன்றைக்கு ஊசி போட்டுக்கொள்ளும் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு ஐம்பது வயதில் என்ன ஆகும்? புற்றுநோய் வருமா? டென்மார்க்கில் குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வந்த 54,362 பெண்களின் விவரங்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2009ல் வெளியானது. கருத்தரிப்பு மருந்துகளால் சினைப்பைப் புற்றுநோய் கூடுவதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றது அது. ஆறுதலான செய்திதான். ஆனால் அவர்கள் குழந்தைக்காகச் சிகிச்சை பெற்றவர்கள், அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள். தானம் செய்தவர் அப்படி வருவதில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு, ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு, ஊருக்குள் கரைந்துவிடுகிறார். 2007ல் அமெரிக்காவின் தேசிய அகாடமிகளைச் சேர்ந்த மருத்துவக் கழகம் இந்த ஆபத்துகளை அலசி அறிக்கை தந்தபோது, நீண்டகால விளைவுகளைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்தது மிகவும் குறைவு என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆளைப் பின்தொடராமல் விளைவு எப்படித் தெரியும்? பிறந்த குழந்தையின் எடையைக் குறித்துவைக்கும் ஆஸ்பத்திரிகள், முட்டை கொடுத்தவளுக்கு ஆறு மாதம் கழித்து ஒரு தபால் அட்டைகூடப் போட்டதில்லை.

இனி, மைசூரிலிருந்து திரும்பும் பஸ். நம் கற்பனைப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். காலையில் முட்டை எடுத்தாகிவிட்டது. மயக்கம் தெளிந்துவிட்டது. அடிவயிற்றில் லேசான வலி. வீட்டில் மாமியாரிடம் சொல்லவில்லை. வேலையிடத்தில் காய்ச்சல் என்று லீவு. உண்மையில் ஆபத்தான நாட்கள் இனிதான் ஆரம்பிக்கின்றன. மிகைத் தூண்டல் பெரும்பாலும் முதிர்ச்சி ஊசி போட்டு மூன்று நாள் முதல் ஒன்பது நாட்களுக்குள் தலைகாட்டும். அப்போது அவர் பக்கத்தில் ஸ்கேன் இருக்காது, டாக்டர் இருக்க மாட்டார். அவருடைய ரகசியம் மட்டும் இருக்கும்.

வயிறு வீங்கி, மூச்சு வாங்கி, அவர் உள்ளூர் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன சொல்வார்? சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பார். பணியில் இருக்கும் டாக்டர் வாயுத் தொல்லை என்று மாத்திரை எழுதித் தரக்கூடும். அவரைக் குறைசொல்ல முடியாது. கேட்டால்தானே தெரியும். இந்த ஒரு நேரத்தில் வெட்கம் விஷமாகிவிடுகிறது. 'முட்டை எடுப்பதற்காக ஹார்மோன் ஊசி போட்டார்கள், இன்ன தேதியில் எடுத்தார்கள்' என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் டாக்டர் சரியான இடத்தில் தேடுவார், தேவைப்பட்டால் மைசூர் செலுவாம்பா ஆஸ்பத்திரி போன்ற பெரிய இடத்துக்கு அனுப்புவார். சொல்லாவிட்டால் தேட மாட்டார். சட்டப்படி வயதுக்கு வந்த பெண் தன் விருப்பத்தோடு முட்டை தருவது குற்றம் அல்ல. டாக்டரிடம் மறைக்க வேண்டிய அவசியமே இல்லை.

கவனிக்க வேண்டிய அறிகுறிகளும் அதிகம் இல்லை. ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை கூடுவது, இடுப்பில் பாவாடை நாடா திடீரென்று இறுகுவது, சிறுநீர் குறைவது, நிற்காத வாந்தி, மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறல், தாங்க முடியாத வயிற்று வலி, காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முட்டை எடுத்தபின் இரண்டு வாரம் தண்ணீர்க் குடம் தூக்குவது, மூட்டை சுமப்பது, குதித்து வேலை செய்வது கூடாது. பெருத்த சினைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. ஊசி போடும் நாட்களிலும் அதற்குப் பிறகும் அடுத்த மாதவிலக்கு வரை கணவரோடு சேராமல் இருப்பது நல்லது. எடுக்காமல் விட்டுப்போன முட்டைகளால் இரட்டைக் கர்ப்பம்கூட நிற்கலாம், கர்ப்பம் நின்றால் மிகைத் தூண்டல் இன்னும் மோசமாகும்.

போவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. இந்த இடம் பதிவு பெற்றதா? சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறதா என்று பார்த்தார்களா? கடைசி ஊசி எந்த வகை? என் பெயரில் எடுத்த காப்பீட்டின் நகல் எங்கே? ராத்திரி இரண்டு மணிக்கு வலித்தால் கூப்பிட வேண்டிய நம்பர் யாருடையது? இந்த ஐந்து கேள்விக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடத்தில் கையெழுத்துப் போடலாம். "அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா" என்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

இதைப் படிப்பவர்களில் மறுபக்கத்தில் நிற்பவர்களும் இருப்பார்கள். இருபத்தெட்டு வயதிலேயே சினைப்பை ஓய்ந்துபோனவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று முட்டையை இழந்தவர்கள், கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்கக் கூப்பிடாமல் விடப்பட்டவர்கள். அவர்களுடைய ஏக்கம் பொய் அல்ல. கருமுட்டை தானம் அவர்களுக்குக் கிடைத்த பெரிய வரம். அதை நிறுத்திவிட வேண்டும் என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் ஒரு கேள்வியை அவர்களும் கேட்டாக வேண்டும். மொத்தக் கட்டணத்தில் அந்தப் பெண்ணின் காப்பீடு இருக்கிறதா? எத்தனை முட்டை கிடைத்தது என்று ஆவலோடு கேட்பவர்கள், கொடுத்தவள் நலமாக வீடு சேர்ந்தாளா என்றும் கேட்கலாம். பெயர் தெரிய வேண்டியதில்லை. நலம் தெரிந்தால் போதும். பணம் கட்டுபவர் கேட்கும் கேள்விக்கு எந்த ஆஸ்பத்திரியும் பதில் சொல்லும்.

தானம் என்ற சொல்லுக்குத் தமிழில் ஓர் அந்தஸ்து உண்டு. இருப்பவர் இல்லாதவருக்குக் கொடுப்பது தானம். அன்னதானமும் பூமிதானமும் அப்படித்தான். கருமுட்டையில் மட்டும் திசை தலைகீழாகிவிட்டது. கடன் தவணை கட்ட முடியாதவள் தானம் செய்கிறாள், லட்சக்கணக்கில் செலவு செய்யக்கூடியவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். இதை அன்பு என்று அழைப்பதா, வியாபாரம் என்று அழைப்பதா என்ற வாதம் ஓயப் போவதில்லை. ஓயும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. எந்தப் பெயரால் அழைத்தாலும் அவளுக்குச் சேர வேண்டியவை மாறாது. சரியான மருந்து, முழு உண்மை, கையில் ஒரு காப்பீட்டுத் தாள், நடு ராத்திரியில் எடுக்கப்படும் ஒரு போன்.

மாதாமாதம் வீணாகப் போவது முட்டைதான். அதைக் கொடுக்க வருபவள் அல்ல.